ஹினூக்: யூத இளைஞரின் அறப்பயிற்சி குறித்துச் சில சிந்தனைகள்

பிறந்த குழந்தையின் அண்ணத்தில் மென்ற பேரீச்சம்பழத்தைத் தடவும் வழக்கத்தை நாம் ‘தஹ்னீக்’ என்று அழைக்கிறோம். ‘ஹனக்’ என்னும் அரபுச் சொல்லுக்கு மேல்வாய், அண்ணம் என்பது பொருள். இதே மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேர்ச்சொல் ஹிப்ரு மொழியிலும் உண்டு. கல்வியையும் பயிற்சியையும் குறிக்கும் ‘ஹினூக்’ என்னும் ஹிப்ருச் சொல் அதிலிருந்து பிறந்ததே. ஆலயத்தை இறைபணிக்கு மீண்டும் அர்ப்பணித்ததைக் கொண்டாடும் ‘ஹனுக்கா’ விழாவின் பெயரும் அதே வேரைச் சார்ந்தது. செமித்திய மொழிகளை ஒப்பிட்டு ஆய்ந்தவர்கள், குழந்தையின் வாயில் முதற்சுவையை ஊட்டுதல் என்னும் பொருளிலிருந்தே கல்வி என்னும் பொருள் விரிந்திருக்கக்கூடும் எனக் கருதுவர்.

இக்கருத்தைச் சொல்லாராய்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் வடபிரான்சிலும் வாழ்ந்த யூதர்கள், ஐந்து அல்லது ஆறு வயதுச் சிறுவனைப் போர்வையால் போர்த்தி, மடியில் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் செல்வர். ஆசிரியர் எழுத்துப் பலகையில் ஹிப்ரு எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். பின்னர் அவ்வெழுத்துகளின்மீது தேன் தடவப்படும். சிறுவன் அதை நாவால் நக்கிச் சுவைப்பான். நபி மூஸா (அலை) அவர்களுக்குத் தவ்ராத் அருளப்பட்ட நாளாக யூதர் கருதும் ‘ஷாவூஓத்’ பெருநாளன்று இச்சடங்கு நடைபெறும். கல்வி இனியது என்பதைச் சொல்லித் தருவதற்கு முன்னரே நாவுக்குத் தெரிவித்துவிடும் இம்முறையை நாம் வியவாமல் இருக்க இயலாது.

யூதர்களைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்தவை பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்தவை: பனூ இஸ்ராயீல் குறித்த திருக்குர்ஆன் வசனங்கள், தஃப்ஸீர் நூல்களில் இடம்பெற்ற இஸ்ராயீலிய்யாத் கதைகள், நாள்தோறும் வரும் பாலஸ்தீனச் செய்திகள். ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த சிறுவனோ சிறுமியோ எவற்றைக் கேட்டு, எவற்றைச் செய்து வளர்கிறார்கள் என்பது இம்மூன்றாலும் தெளிவாவதில்லை. மூவாயிரம் ஆண்டுப் பழமை கோரும் சமய மரபு வேறு. 1897இல் பாஸல் நகரில் கூடிய மாநாட்டின் வழியே அமைப்பு வடிவம் பெற்ற ஸியோனிச அரசியல் வேறு. எனினும் இவ்விரண்டும் ஒரே இளைஞனின் உள்ளத்தில் சந்திக்கும் இடங்கள் உள்ளன. அவற்றை இறுதியில் காண்போம்.

முதலில் நூல்களைப் பற்றி ஒரு சொல். தவ்ராத்தின் ஐந்து ஆகமங்களுக்கு அடுத்து, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்னும் சட்டத் தொகுப்பு முதன்மை பெறுகிறது. அதன்மீது பாபிலோனியாவில், அதாவது இன்றைய இராக்கில், பல தலைமுறை அறிஞர்கள் நிகழ்த்திய விவாதங்கள் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் ‘தல்மூத்’ ஆக உருப்பெற்றன. மிஷ்னாவை மத்னாகவும் அதன்மீதான விவாதத்தை ஷரஹாகவும் கொண்டால், அரபுக் கல்லூரியில் பயின்றோர்க்கு அமைப்பு எளிதில் விளங்கும்.

தந்தை மகனுக்குச் செய்யவேண்டிய கடமைகளைத் தல்மூத் வரிசைப்படுத்துகிறது. விருத்தசேதனம் செய்வித்தல், தவ்ராத்தைக் கற்பித்தல், மணமுடித்து வைத்தல், ஒரு கைத்தொழிலைப் பயிற்றுவித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். நீந்தவும் கற்றுத்தர வேண்டும் என்று சிலர் கூறியதும் அங்கே பதிவாகியுள்ளது. (நீச்சலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் கூறியதாக நம்மிடையே வழங்கும் கூற்று இங்கு நினைவுக்கு வரும்.) மகனுக்குத் தொழில் கற்பிக்காதவன் அவனுக்கு வழிப்பறியைக் கற்பித்தவனாகிறான் என்பது ரப்பி யஹூதாவின் கருத்து. வேதக் கல்வியும் பிழைப்புக் கல்வியும் ஒரே மூச்சில் பேசப்படுவதை இங்கே காண்கிறோம். இடைக்கால யூத அறிஞர்களுள் மருத்துவர்களும் வணிகர்களும் மிகுதியாக இருந்ததற்கு இம்மனப்பாங்கும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் தந்தையை இழந்த பிள்ளையின் நிலை என்ன? இவ்வினாவுக்குத் தல்மூத் ஒரு வரலாற்றைக் கூறுகிறது. தொடக்கத்தில் தந்தை உள்ளவன் மட்டுமே கற்றான், அநாதை கற்கவில்லை. இதனால் ஜெரூசலத்தில் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அங்கும் தந்தை உள்ள பிள்ளைகளே அழைத்துச் செல்லப்பட்டனர். பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர்களை வைத்து, பதினாறு, பதினேழு வயது இளைஞர்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கடிந்துகொண்டால் அந்த வயதினர் எதிர்த்துக்கொண்டு வெளியேறிவிட்டனர். இறுதியில், கி.பி. 70இல் ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைமை மதகுருவாக இருந்த யெஹோஷுவா பென் கம்லா என்பார், ஊர்தோறும் ஆசிரியர்களை நியமித்து, ஆறு அல்லது ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வகை செய்தார். அவர் இல்லையேல் இஸ்ராயீல் மக்களிடையே தவ்ராத் மறக்கப்பட்டிருக்கும் என்று தல்மூத் அவரை நன்றியோடு நினைவுகூர்கிறது. இச்செய்தியின் விவரங்களை ஐயுறும் வரலாற்றாய்வாளர்களும் உளர். ஆயினும் ஒரு சமூகம் தன் கல்விமுறையின் தொடக்கமாக அநாதையின் குறையைச் சுட்டுவது கவனத்திற்குரியது.

அடுத்து வரும் விதிகள் இன்றைய கல்வித்துறை அதிகாரிகளும் படிக்கத்தக்கவை. ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து மாணவர். நாற்பது பேரானால் ஓர் உதவியாளர். ஐம்பது பேரானால் இரண்டு ஆசிரியர்கள். அடிக்க நேர்ந்தால் காலணி வாரைக் கொண்டு மட்டுமே அடிக்கலாம். அதாவது வலிக்கும்படி அடிக்கலாகாது. படிக்காத பிள்ளையை விரட்டிவிடாமல் மற்றவர்களோடு அமரச் செய்ய வேண்டும். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்திலுள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் ‘கெனீஸா’ என்னும் அறையில் கிடைத்த பல்லாயிரம் ஏடுகள் இவ்விதிகளுக்கு உயிர் தருகின்றன. 1896, 97ஆம் ஆண்டுகளில் அவற்றுள் பெரும்பகுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வேடுகளிடையே குழந்தைகளுக்கான அரிச்சுவடிகளும் உள்ளன. அநாதைகளின் கல்விக்குச் சமூகப் பொதுநிதியிலிருந்து ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கப்பட்டதை எஸ்.டி. கொய்தைன் அவ்வேடுகளைக் கொண்டு நிறுவியுள்ளார். ஃபாத்திமிய்யா, அய்யூபிய்யா ஆட்சிகளின் கீழ் முஸ்லிம்களின் அண்டைவீட்டாராக வாழ்ந்த யூதர்களின் ஏடுகள் அவை என்பதையும் மறத்தலாகாது.

பெண் கல்வியில் இம்மரபு ஒருமனதாக இருந்ததில்லை. மகளுக்குத் தவ்ராத்தைக் கற்பிப்பது தந்தையின் கடமை என்ற பென் அஸ்ஸாயின் கருத்தும், அதை வன்மையாக மறுத்த ரப்பி எலியேஸரின் கருத்தும் மிஷ்னாவில் அருகருகே உள்ளன. நெடுங்காலம் இரண்டாவதே வென்றது. 1917இல் போலந்தின் கிராக்கோ நகரில் தையல்தொழில் செய்துவந்த ஸாரா ஷெனிரர் என்னும் பெண்மணி தொடங்கிய பள்ளியே, மரபுவழி யூதச் சிறுமியர்க்கான ‘பேத் யாகோவ்’ பள்ளிகளாகப் பெருகிற்று.

வயதுக்கேற்ற படிநிலைகளை மிஷ்னாவின் ‘முன்னோர் மொழிகள்’ பகுதி தருகிறது. ஐந்தில் வேதம், பத்தில் மிஷ்னா, பதின்மூன்றில் கட்டளைகளின் பொறுப்பு, பதினைந்தில் தல்மூத், பதினெட்டில் திருமணம். இவற்றுள் பதின்மூன்றாம் வயது முக்கியமானது. அன்று முதல் சிறுவன் ‘பார் மித்ஸ்வா’, அதாவது கட்டளைக்குரியவன் ஆகிறான். சிறுமிக்கு அது பன்னிரண்டாம் வயது. நம் ஃபிக்ஹு நூல்கள் ‘முகல்லஃப்’ என்று குறிப்பிடும் நிலையே இது. இன்று அமெரிக்காவில் ஆடம்பர விருந்தாகச் சுருங்கிவிட்ட இந்நாளில், தொழுகைக்கூடத்தில் தந்தை சொல்லவேண்டிய ஒரு சிறு வாசகம் உண்டு. இம்மகனின் செயல்களுக்கான தண்டனைப் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்த இறைவனை அவர் அதில் போற்றுகிறார். மகன் முன்னிலையிலேயே இது சொல்லப்படுகிறது. இனி என் கணக்கு என்னுடையது என்பதை அவன் அக்கணத்தில் உணர வேண்டும் என்பது நோக்கம்.

யூத இளைஞரின் பண்புகளை உருவாக்கும் கருவிகளுள் நாம் மிகவும் பொருட்படுத்தத் தக்கது, வினாவுக்கு அம்மரபு அளித்திருக்கும் இடம். ஃபிர்அவ்னிடமிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் ‘பெஸஹ்’ பெருநாளின் முதலிரவில், குடும்பம் முழுவதும் உணவு மேசையைச் சுற்றி அமர்கிறது. வீட்டின் கடைசிப் பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளினின்று இவ்விரவு எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்கவேண்டும். அவ்வினா எழாமல் சடங்கு நகராது. புளிக்காத ரொட்டி ஏன், கசப்புக் கீரை ஏன் என்று குழந்தை கேட்க, எகிப்திய அடிமை வாழ்வின் கதையைப் பெரியவர்கள் விடையாகச் சொல்கின்றனர். நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றி அன்றைய ஏடு பேசுகிறது: அறிவுடையவன், முரண்டு பிடிப்பவன், எளியவன், கேட்கவே தெரியாதவன். நால்வருக்கும் நான்கு விதமாக விடை சொல்லப்பட வேண்டும். கேட்கத் தெரியாதவனிடம் பெற்றோரே பேச்சைத் தொடங்க வேண்டும். முரண்டு பிடிப்பவனுக்கும் அம்மேசையில் இருக்கை உண்டு என்பதைக் காண்க. (மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஆஷூரா நோன்பு பற்றி வினவியபோது யூதர்கள் கூறிய காரணமும் இதே விடுதலைதான்.)

அவ்விரவில் எகிப்தியர்மீது இறங்கிய பத்துத் தண்டனைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி பானத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்து விடுவர். பகைவனே ஆயினும் பிறர் துன்புற்றதால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைகிறது என்று பெற்றோர் இதற்கு விளக்கம் தருவர். தல்மூத்தில் வரும் ஒரு செய்தி இதை உறுதிசெய்கிறது. ஃபிர்அவ்னின் படையினர் கடலில் மூழ்கியபோது மலக்குகள் துதிபாட விரும்பினர். தன் படைப்புகள் மூழ்கிக்கொண்டிருக்கையில் பாட்டா என்று இறைவன் அவர்களைத் தடுத்தான் என்பது அச்செய்தி.

வினா வீட்டோடு நிற்பதில்லை. ‘யெஷிவா’ எனப்படும் மார்க்கக் கல்விக்கூடத்தில் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒரே பக்கத்தை உரத்த குரலில் படித்து, ஒருவரையொருவர் மறுத்து வாதிடுகின்றனர். இவ்விணைக்கு ‘ஹவ்ரூதா’ என்று பெயர். அமைதியான நூலகத்தில் படித்துப் பழகிய ஒருவர் அக்கூடத்தில் நுழைந்தால் சந்தைக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார்.

இம்முறையின் உள்ளத்தை விளக்கத் தல்மூத்திலேயே ஒரு நிகழ்ச்சி உள்ளது. 3ஆம் நூற்றாண்டில் திபேரியா நகரில் வாழ்ந்த ரப்பி யோஹனானுக்கு ரேஷ் லகீஷ் என்பவர் மாணவராகவும் மைத்துனராகவும் வாய்த்தார். ரேஷ் லகீஷ் முன்பு கொள்ளையராக இருந்து திருந்தியவர். வாள், கத்தி முதலியன எப்போது முழுமை பெற்ற கருவிகளாகின்றன என்ற சட்ட விவாதம் ஒருநாள் எழுந்தது. ரேஷ் லகீஷ் ஆசிரியரை மறுத்தார். கொள்ளையனுக்குத் தன் தொழில் தெரியத்தானே செய்யும் என்ற பொருள்பட ரப்பி யோஹனான் ஒரு சொல் சொல்லிவிட்டார். பழைய வாழ்வைச் சுட்டிய அச்சொல் இருவரையும் பிரித்தது. ரேஷ் லகீஷ் நோயுற்று இறந்தார். ஆசிரியர் துயரில் ஆழ்ந்தார். அவரைத் தேற்றுவதற்காக எலெஆஸர் பென் பெதாத் என்னும் கூர்மதியாளரை அனுப்பினர். ரப்பி யோஹனான் எதைச் சொன்னாலும் இவர், தங்கள் கருத்துக்கு இன்ன ஆதாரம் உண்டு என்று எடுத்துக் காட்டினார். ரப்பி யோஹனான் மனம் வெதும்பினார். ரேஷ் லகீஷ் தன் ஒவ்வொரு கூற்றுக்கும் இருபத்து நான்கு ஆட்சேபங்களை எழுப்பியதையும், அவற்றுக்குத் தான் இருபத்து நான்கு விடைகள் கண்டதையும், அதனால் சட்டம் விரிந்ததையும் சொல்லி அழுதார். தான் சொல்வது சரி என்பது தனக்கே தெரியாதா என்று கேட்டார். அத்துயரிலேயே அறிவு மயங்கி இறந்துபோனார்.

ஆமோதிப்பவனைவிட மறுப்பவனே கல்விக்குத் துணை என்பதை இளைஞன் இதிலிருந்து கற்கிறான். அறிவால் மறுக்கலாம், கடந்தகாலத்தைச் சொல்லிக் காயப்படுத்தலாகாது என்பதையும் கற்கிறான். ஹில்லேல், ஷம்மாய் ஆகிய இரு பள்ளிகளுள் ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பு ஏற்கப்பட்டதற்கு, அவர்கள் எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்ததும், அதைத் தம் கருத்துக்கு முன்பாகச் சொன்னதுமே காரணம் என்று தல்மூத் கூறுகிறது. நம் இமாம்களின் இக்திலாஃப் நூல்களில் இப்பண்பு நிறைந்துள்ளது. ஆனால் நம் வகுப்பறைகளில் அது எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை ஆசிரியப் பெருமக்கள் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவன் எழுந்து மறுத்தால் அதை அதபுக் குறைவாகக் கருதும் வழக்கம் எந்த இமாமிடமிருந்து வந்தது என்பது நமக்கு விளங்கவில்லை.

ஈகைப் பயிற்சியும் சிறுவயதிலேயே தொடங்குகிறது. வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்கு முன்னர், வீட்டிலுள்ள சிறு உண்டியலில் பிள்ளைகள் ஒரு நாணயம் இடுவர். இதற்கு ‘த்ஸெதாக்கா’ என்று பெயர். நம் ‘ஸதகா’வுடன் வேரொற்றுமை உடையது என்பது வெளிப்படை. ஆனால் பொருளில் நுண்ணிய வேறுபாடு உண்டு. அரபியில் ஸித்க், உண்மை. ஹிப்ருவில் த்ஸெதெக், நீதி. ஏழைக்குக் கொடுப்பது இரக்கச் செயலன்று, அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பிப்பதே என்று பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. ஸதகா பெற்று வாழ்பவனும் அதிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவன். குர்துபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்த மூஸா பின் மைமூன் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனக்கசப்போடு கொடுப்பது கடைசிப் படி. ஒருவனைக் கடன் கொடுத்தோ, கூட்டாளியாக்கியோ, வேலை தந்தோ பிறரிடம் கையேந்தாதவாறு செய்வது முதற்படி.

இவ்விடத்தில் அரபு மொழி ஆசிரியர் என்ற முறையில் நமக்குப் பெருமகிழ்ச்சி தரும் ஒரு நூலைக் குறிப்பிட வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் ஸரகுஸ்தா நகரில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா என்னும் யூத நீதிபதி ‘அல்ஹிதாயா இலா ஃபராயிளில் குலூப்’ என்ற நூலை அரபியில் இயற்றினார். உடலுறுப்புகளின் கடமைகளைப் பேசுவோர் பலர். உள்ளத்தின் கடமைகளைப் பேசுவோர் இல்லையே என்பது அவருடைய குறை. தவ்ஹீதில் தொடங்கி, தவக்குல், இக்லாஸ், பணிவு, தவ்பா, முஹாஸபா, ஸுஹ்து எனச் சென்று இறைநேசத்தில் முடியும் பத்து வாயில்கள் அதில் உள்ளன. பெயர்களைக் கேட்ட அளவிலேயே இது தஸவ்வுஃப் நூல்களின் அடிச்சுவட்டில் எழுந்தது என்பதை வாசகர் உணர்வர். போரிலிருந்து திரும்பும் வீரர்களிடம், சிறிய போர் முடிந்தது, இனி உள்ளத்தோடு செய்யும் பெரிய போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று ஒரு நல்லடியார் கூறியதாகவும் அதில் வருகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது எனக் கூறும் ஒரு செய்தி, யூத நூலொன்றில் பெயரில்லாத பெரியாரின் வாக்காக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் யஹூதா இப்னு திப்போன் இந்நூலை ஹிப்ருவில் பெயர்த்தார். 19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் இஸ்ராயீல் ஸலாந்தர் தொடங்கிய ‘முஸார்’ என்னும் அறப்பயிற்சி இயக்கம், ஒழுக்க நூல்களைக் கற்பதற்கென யெஷிவா மாணவர்கள் நாள்தோறும் நேரம் ஒதுக்க வேண்டும் என வற்புறுத்திற்று. அவ்வாறு கற்கப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. இன்றும் யெஷிவாக்களில் படிக்கப்படுகிறது. தம் கையிலுள்ள பக்கத்திற்குப் பின்னால் நம் ஸூஃபியாக்களின் மொழி இருப்பதை அவ்விளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர்? புறம்பேசுதலின் சட்டங்களைத் தொகுத்து 1873இல் வில்னாவில் வெளியான ‘ஹஃபெத்ஸ் ஹயீம்’ என்னும் நூலும் இன்று பள்ளிப் பிள்ளைகள்வரை சென்றுள்ளது. கீபத் பற்றிய நம் நூல்களோடு ஒப்பிட்டு எழுத அதில் நிறைய உண்டு.

இத்தனை உயர்ந்த பயிற்சி பெற்ற இளைஞன், தன் சமூகத்தைச் சாராதவனை எவ்வாறு காண்கிறான்? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு இப்பொருளை எழுதுவது நேர்மையாகாது. ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன் என பனூ இஸ்ராயீலுக்கு விதித்ததாகத் திருக்குர்ஆன் ‘அல்மாயிதா’ அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் கூறுகிறது. மிஷ்னாவின் ‘ஸன்ஹெத்ரின்’ பகுதியிலும் இக்கருத்து உள்ளது. மரணதண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருவோரை எச்சரிக்கும் இடம் அது. மனிதன் தனியொருவனாகப் படைக்கப்பட்டதன் காரணத்தைக் கூறி, ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகையே அழித்தவன் என்கிறது. ஆனால் பாபிலோனியத் தல்மூதின் அச்சுப் பதிப்புகளில் ‘ஓர் உயிர்’ என்பதோடு ‘இஸ்ராயீலரில்’ என்னும் சொல் சேர்ந்துள்ளது. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அச்சொல் இல்லை. அது பிற்சேர்க்கை என்பதை யூத ஆய்வாளர் எஃப்ரயீம் உர்பாக் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆதம் (அலை) அவர்களைக் காரணம் காட்டும் வாதத்தில் அச்சொல் பொருந்தவும் இல்லை. அச்சொல் உள்ள பக்கத்தைப் படித்து வளரும் பிள்ளைக்கும், அது இல்லாத பக்கத்தைப் படித்து வளரும் பிள்ளைக்கும் கிடைக்கும் உலகம் ஒன்றன்று.

அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளையும் இவ்வாறே. எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே என்ற காரணத்துடன் தவ்ராத் அதைத் திரும்பத் திரும்பக் கூறுகிறது. முப்பத்தாறு இடங்களில் வருவதாகத் தல்மூத் எண்ணிச் சொல்கிறது. எனினும் அந்நியனைக் குறிக்கும் ‘கேர்’ என்ற சொல்லுக்கு, யூத மதத்தைத் தழுவியவன் என்ற பொருளைப் பிற்காலச் சட்டநூலார் பெரிதும் வழங்கினர். பொருள் சுருங்கியதும் கட்டளையும் சுருங்கிற்று. 1974இல் தோன்றி மேற்குக் கரையில் குடியேற்றங்களை முன்னின்று நடத்திய ‘குஷ் எமூனீம்’ இயக்கத்தின் இளைஞர்கள் கல்லாதவர்கள் அல்லர். அவர்களுள் பலர் ஜெரூசலத்தின் புகழ்பெற்ற யெஷிவாவொன்றில் கற்றவர்கள். 2023 அக்டோபர் 18ஆம் நாள் காஸாவில் போர்நிறுத்தம் கோரி வாஷிங்டனில் நாடாளுமன்ற அலுவலகக் கட்டடத்திற்குள் அமர்ந்து கைதான யூத இளைஞர்களும், எங்கள் பெயரால் இது வேண்டாம் என்ற வாசகத்தை அணிந்திருந்தபோது, இதே மரபையே சான்றுக்கு அழைத்தனர். 2024 ஜூனில் இஸ்ரேலிய உச்சநீதிமன்றம் யெஷிவா மாணவர்களையும் படைக்கு அழைக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தபோது தெருவில் இறங்கிய மாணவர்களின் குறை வேறு. தவ்ராத் கல்வி தடைபடக்கூடாது என்பதே அவர்கள் வாதம். பாலஸ்தீனரின் உயிர் அதில் பேசுபொருள் ஆகவில்லை.

முற்றுகைக் காலத்திலும் கனிதரும் மரத்தைக் கோடரியால் வெட்டலாகாது எனத் தவ்ராத்தின் ஐந்தாம் ஆகமம் கட்டளையிடுகிறது. இதிலிருந்தே, பாண்டத்தை உடைத்தல், ஆடையைக் கிழித்தல், உணவை வீணாக்குதல் ஆகியவற்றையும் மூஸா பின் மைமூன் தடுத்தார். தட்டில் மிஞ்சிய ரொட்டியை எறியப்போகும் குழந்தையிடம் தாய் சொல்வதும் இக்கட்டளையைத்தான். மேற்குக் கரையில் பாலஸ்தீனரின் ஜைத்தூன் மரங்கள் குடியேறிகளால் வெட்டப்படுவதும் எரிக்கப்படுவதும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பதிவாகி வருகின்றன. 1988இல் நிறுவப்பட்ட ‘மனித உரிமைகளுக்கான ரப்பிகள்’ என்னும் அமைப்பினர், அறுவடைக் காலமான அக்டோபர், நவம்பர் மாதங்களில் அத்தோப்புகளுக்குச் சென்று, பாலஸ்தீன விவசாயிகளோடு நின்று காய் பறிக்கின்றனர். அவர்களும் தாக்கப்பட்டுள்ளனர். கோடரியோடு வருபவனும், மரத்தடியில் நிற்பவனும் அவ்வசனத்தைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றவர்கள்.